பின் டிஃபரன்ஷியலில் ஊளைச் சத்தம்: பல்சக்கரமா, பேரிங்கா?

அனைவருக்கும் வணக்கம். பின்சக்கர இயக்கமும், கிளட்ச் தட்டுகளால் இயங்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தந்து, ஒன்று மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் பல்சக்கர யூனிட்) கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருக்கிறேன். மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டியதும் பின்புறத்தில் ஊளையிடுவது போன்ற சத்தம் எழுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது கூடுகிறது, காலை எடுத்ததும் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. இடப்பக்கமோ வலப்பக்கமோ வளைக்கும்போது சத்தத்தில் மாற்றம் இல்லாததால், சக்கர பேரிங்குகள் காரணமாக இருக்காது என்று கருதுகிறேன்.

மெதுவாகத் திருப்பும்போது ஓர் அதிர்வும் உண்டு. அது கிளட்ச் தட்டுகளின் வேலை என்றும், லிமிடெட் ஸ்லிப்புக்குரிய சேர்மானம் கலந்த ஜிஎல்-5 தர கியர் ஆயிலை ஊற்றினால் சரியாகும் என்றும் நினைப்பதால், அதை இங்கே பெரிதுபடுத்தவில்லை. வடித்த ஆயிலில் காந்த மூடியின் மேல் மென்மையான சாம்பல் நிறப் பசை மட்டுமே இருந்தது. உலோகச் சில்லுகள் எவையும் இல்லை.

மெக்கானிக் முழு யூனிட்டையும் மாற்றச் சொல்கிறார், எனக்கு அதில் உடன்பாடில்லை. டிஃபரன்ஷியலுக்குள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் பல்சக்கரங்களான கிரவுன் சக்கரமும் பினியனும் தேய்ந்ததால் வரும் சத்தத்தையும், பினியன் பேரிங் தளர்ந்ததால் வரும் சத்தத்தையும், யூனிட்டைப் பிரிக்காமலேயே வேறுபடுத்த வழி உண்டா? கியர்பாக்ஸிலிருந்து விசையைப் பின்னால் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, அது இணையும் பினியன் ஃபிளாஞ்சைக் கையால் அசைத்துப் பார்ப்பது போதுமா, அல்லது மூடியைத் திறந்து டயல் கேஜால் (நுண்ணிய அசைவை அளக்கும் முள் கருவி) பல் இடைவெளியை அளந்தே தீர வேண்டுமா? இதைச் செய்து பார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.