கிறிஸ்துமஸ் மரம் கீழிருந்து காய்கிறது, அவசரம்

சூலூர்க்காரன்:
வணக்கம். வாசலில் வைத்த பைன் மரத்தில் கீழ்க்கிளைகள் ஒவ்வொன்றாகப் பழுப்படித்துக் காய்கின்றன. உச்சி பச்சையாகத்தான் இருக்கிறது. யூரியா போட்டும் கேட்கவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மண்புழு:
தொட்டியா தரையா, எத்தனை அடி, வெயில் எப்படி, எந்தத் தண்ணீர்? ஒன்றுமே சொல்லாமல் மருந்து கேட்டால் எப்படிங்க. முதலில் யூரியாவை நிறுத்துங்கள்.

வேப்பம்புண்ணாக்கு:
வேரழுகல்தான் சார், சந்தேகமே வேண்டாம். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழுவுரத்தில் கலந்து போடுங்கள்.

மண்புழு:
உங்களுக்கு எல்லாவற்றுக்கும் டிரைக்கோடெர்மா. போன வாரம் முருங்கையில் கம்பளிப்பூச்சி என்றவருக்கும் அதையேதான் சொன்னீர்கள்.

தாவரப்பித்தன்:
அது பைனே இல்லை. பைன் என்றால் ஊசியிலை இரண்டு, மூன்று, ஐந்து என்று கொத்துக் கொத்தாக வரும், கொடைக்கானல் போனவர்கள் உதிர்ந்ததை எடுத்துப் பார்த்திருக்கலாம். நீங்கள் வைத்திருப்பது அரக்கேரியா. நர்சரியில் நார்போக் தீவு பைன் என்பார்கள், அப்படி விற்பதில் பலதும் உண்மையில் அதன் உறவு மரமான குக் பைன். இதை இங்கே எத்தனை முறைதான் எழுதுவது?

கொய்யாத்தோப்பு:
பெயரை விடுங்கள். எங்கள் மரம் தெற்கே சாய்கிறது, வாஸ்துக்கு ஆகாது என்று மாமனார் கயிறு கட்டி இழுத்து வைத்திருக்கிறார்.

தாவரப்பித்தன்:
அப்போது அது குக் பைனேதான். பூமத்திய ரேகைப் பக்கம் சாய்வது அதன் குணம், 2017இல் ஆய்வே வந்தது, சராசரி எட்டரை டிகிரி. ஆஸ்திரேலியாவில் வடக்கே சாயும். கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள்.

கொய்யாத்தோப்பு:
நீங்களே வந்து மாமனாரிடம் சொல்லுங்களேன்.

வேப்பம்புண்ணாக்கு:
சாய்வதற்கும் வேர் பலவீனம்தான் காரணம்.

தாவரப்பித்தன்:
இல்லை என்கிறேன்.

சூலூர்க்காரன்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். தரையில்தான் இருக்கிறது, 7 அடி, நல்ல வெயில். தண்ணீருக்குக் குறையே இல்லை, வீணாக வேண்டாமே என்று ஆர்ஓ மெஷினின் கழிவுநீர்க் குழாயை அதன் அடியில்தான் விட்டிருக்கிறேன்.

மண்புழு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! வீட்டுக்கு போர் தண்ணீர்தானே? அதிலுள்ள உப்பெல்லாம் திரண்டு அந்தக் குழாயில்தான் வெளியே வருகிறது. தூரைச் சுற்றி மண் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள்.

சூலூர்க்காரன்:
ஆமாம், சுண்ணாம்பு தூவின மாதிரி இருக்கிறது. எறும்புக்கு யாரோ ஏதோ போட்டார்கள் என்று நினைத்தேன்.

மண்புழு:
சரி, குழாயை எடுத்துவிடுங்கள். வெள்ளையாக இருக்கும் மேல்மண்ணைச் சுரண்டிப் போட்டுவிட்டு, மழைநீரோ நல்ல தண்ணீரோ இரண்டு மூன்று தடவை நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். அப்புறம் விரலை விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். காய்ந்த கிளை திரும்பத் துளிர்க்காது, வெட்டிவிடலாம். உச்சியில் மட்டும் கத்தியை வைத்துவிடாதீர்கள், அப்புறம் அந்தக் கோபுர வடிவம் வராது.

சூலூர்க்காரன்:
நன்றிங்க. குழாயை வாழைப் பக்கம் திருப்பிவிட்டேன்.

மண்புழு:
வாழைக்கா?!