பாக சாஸ்திரம்: எந்தப் ‘பாகம்’?

அளவுகோல்: பழைய சமையல் புத்தகங்களுக்கு ஏன் ‘பாக சாஸ்திரம்’ என்று பெயர் தெரியுமா? எதில் எத்தனை பாகம் சேர்க்க வேண்டும் என்று சொல்வதால். பாகம் என்றால் பங்கு. அவ்வளவுதான்.

அடுப்படி: அவ்வளவுதானா? அப்படியானால் நளபாகம் என்பது நளன் கைக்குப் போன பங்கா? வடமொழியில் இவை இரண்டு சொற்கள் ஐயா. சமையல் என்னும் பாகத்துக்கு வேர் ‘பச்’, வேகவைப்பது. நாம் சொல்லும் பக்குவமும் அதே வேர்தான். பங்கு என்னும் பாகத்துக்கு வேர் ‘பஜ்’, பிரிப்பது. தமிழில் ஒரே ‘ப’, ஒரே ‘க’ என்பதால் இரண்டும் ஒரே வேஷத்தில் நிற்கின்றன. ஏமாந்துவிட்டீர்கள்.

அளவுகோல்: என் பாட்டியின் புத்தகத்தில் ‘அரிசி மூன்று பாகம், உளுந்து ஒரு பாகம்’ என்று அச்சில் இருக்கிறது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அடுப்படி: உள்ளே இருப்பது பங்கு. அட்டையில் இருப்பது சமையல். முன்பு ‘கறி’ பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான் அட்டையைப் படிக்காமல் மூன்று நாள் மல்லுக்கட்டினீர்கள்.

அளவுகோல்: கறி இழையில் பாதியில் ஓடியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

தனித்தமிழ்: இரண்டு பேருக்கும் வடமொழி எதற்கு? சிறுபாணாற்றுப்படையில் பீமனின் சமையல் நூல் பிசகாமல் ஆக்கிய அடிசில் வருகிறது. உரையில் அதை ‘மடைநூல்’ என்கிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமே.

அளவுகோல்: அதைப் படிப்பவர் மடையரா?

தனித்தமிழ்: யாரைச் சொன்னீர்? மடைப்பள்ளியில் சமைப்பவர் மடையர். அறியாமை என்ற மடம் வேறு. அது யாரிடம் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சும்மா வந்தவன்: ‘ரெசிபி’ என்று சொல்லிவிட்டுப் போங்களேன். லத்தீனில் ‘எடுத்துக்கொள்’ என்று அர்த்தம். மருத்துவர்கள் மருந்துச் சீட்டின் தலையில் எழுதிய சொல், அப்புறம்தான் அடுப்படிக்கு வந்தது.

அடுப்படி: தம்பி, இங்கே பேச்சு பாகத்தைப் பற்றி. நளபாகத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. பீமபாகமும் இருக்கிறது, அதற்கும் சேர்த்தே சொல்லட்டும். பீமன் எத்தனை பங்கு?

அளவுகோல்: பீமன் எல்லாப் பங்கையும்தான் சாப்பிட்டிருப்பான். அரிசி மூன்று பாகம், உளுந்து ஒரு பாகம். இதில் எங்கே ‘வேகவைத்தல்’?

அடுப்படி: வேகவைக்காமல் மாவாகவே சாப்பிடுகிறீர்களா?

தனித்தமிழ்: ‘மடையரா’ என்று கேட்டதற்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.

அளவுகோல்: கேட்க வேண்டியவர் நீங்கள். சரி, நாளைக்குப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

அடுப்படி: அட்டையையும் சேர்த்துப் போடுங்கள்.