வீடு கைமாறியபோது குடியிருந்தவர்களின் அனுபவங்கள்

நாங்கள் குடியிருந்த வீடு விற்பனையான விஷயமே புரோக்கர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. கொஞ்ச நாளில் வாங்கியவர் வந்து, "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க. நீங்க அக்ரிமெண்ட் போட்டது அவரோட, என்னோட இல்ல" என்றார். கேட்கும்போது நியாயம் போலத்தான் இருக்கும். பலர் இதை நம்பியே பெட்டி கட்டிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 109ஆம் பிரிவு, இதைத் தெளிவாகவே சொல்கிறது. பழைய உரிமையாளரின் இடத்துக்குத்தான் வாங்கியவர் வருகிறார். குடியிருப்பவர் விரும்பினால் பழையவரின் கடமைகளும் அவர் தலையில்தான். வீடு கைமாறியதாலேயே ஒப்பந்தம் செத்துப்போவதில்லை. எங்கள் ஒப்பந்தத்தில் 'விற்றால் காலி செய்ய வேண்டும்' என்ற நிபந்தனையும் கிடையாது. நகலை அவர் கையில் கொடுத்தேன். முடியும் தேதி இருந்த வரியில் விரலை வைத்து இரண்டு தரம் படித்தார். அப்புறம், "சரி, அதுவரைக்கும் இருங்க" என்றார்.

உண்மையான தலைவலி அட்வான்ஸ்தான். "விலையில கழிச்சாச்சு, அவர்கிட்ட கேளுங்க" என்கிறார் பழையவர். "என் கைக்கு ஒரு பைசா வரல" என்கிறார் புதியவர். கடைசியில் மூவரையும் ஒன்றாக உட்கார வைத்து, அட்வான்ஸ் தொகை யாரிடம் இருக்கிறது, காலி செய்யும்போது யார் தருவது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். வாடகையை இனி யாரிடம் கொடுப்பது என்பதையும் பழையவரிடமே எழுத்தில் வாங்கிக்கொண்டேன். விற்றது தெரியாமல் பழையவரிடம் கட்டிய வாடகையை மறுபடி கேட்க முடியாது என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் தெரிந்த பிறகு கட்டினால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

*

நான் வாங்கிய பக்கத்திலிருந்து சொல்கிறேன். விலை பேசும் முன்பே குடியிருந்த அம்மாவைப் பார்த்து ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். அட்வான்ஸைக் கிரயத் தொகையில் கழித்து, அதைப் பத்திரத்திலும் எழுத வைத்தேன். அந்த அம்மா வைத்திருந்த பழைய வாடகை பாக்கியை நான் கேட்கவில்லை. விற்பனைக்கு முந்தைய பாக்கி, தனியாகப் பேசி வைத்தாலொழிய, வாங்கியவருக்குச் சேராது.

*

ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே சிவில் சட்டத் தொகுப்பின் 566ஆம் பிரிவுப்படி வாங்கியவர் ஒப்பந்தத்தை அப்படியே ஏற்க வேண்டும். அட்வான்ஸ் அவர் கைக்கு வராமலே போயிருந்தாலும் திருப்பித் தரும் பொறுப்பு அவருடையது. அவரிடம் வசூலாகாவிட்டால் பழையவரைக் கேட்கலாம். தனக்கே குடியிருக்க வீடு வேண்டும் என்று வாங்கியவர் நோட்டீஸ் கொடுக்கலாம்தான். ஆனால் குறைந்தது 3 மாத அவகாசம் தர வேண்டும். 5 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவருக்கு 6 மாதம், 8 ஆண்டுகளைத் தாண்டியவருக்கு 9 மாதம். எங்களுக்கு வந்த முதல் கடிதத்தில் காரணமே எழுதவில்லை, அதனால் அது செல்லவில்லை. காரணத்தோடு மறுபடி அனுப்பினார்கள், அவகாசமும் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கியது.