புதுப்பிப்பு: பாப்பாவோட காது டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு

பிறந்ததும் காது கேக்குதான்னு பாக்க எடுத்த ஓஏஇ டெஸ்ட்ல இடது காது 'ரெஃபர்'னு (பாஸ் ஆகல, திரும்ப பாக்கணும்னு அர்த்தம்) வந்துச்சு, பயமா இருக்குன்னு முன்னாடி போட்டிருந்தேன்ல, நேத்து திரும்ப எடுத்தாங்க, ரெண்டு காதும் பாஸ்!! ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

தூங்கிட்டு இருக்கும்போதே ரப்பர் முனை வச்ச சின்ன ப்ரோபை காதுல வச்சாங்க, அதுலயே ஸ்பீக்கரும் மைக்கும் இருக்கு, சத்தம் உள்ள போனதும் காக்லியாவுல (உள்காதுல நத்தை ஓடு மாதிரி இருக்கிற பகுதி) இருக்கிற வெளி முடி செல்கள் அசைஞ்சு அதுவா ஒரு மெல்லிய சத்தத்தை திருப்பி அனுப்புது, அதைத்தான் மைக் பிடிக்குது. 1978ல டேவிட் கெம்ப்ங்கிற விஞ்ஞானி இதை அளந்து காட்டினாராம், எவ்ளோ பெரிய விஷயம் பாருங்க, குழந்தை கண்ணைக்கூட திறக்க வேண்டாம்.

பிறந்த புதுசுல காதுல நீரோ, பிறக்கும்போது உடம்புல ஒட்டியிருக்கிற வெள்ளை மாவோ அடைச்சிருந்தா அந்த சத்தம் வெளிய வராது, அதனால ரெஃபர் வந்ததும் இடிஞ்சு போயிடாதீங்க, ஆனா மறு டெஸ்ட்டை தள்ளியும் போடாதீங்க, 3 மாசத்துக்குள்ள முழுசா பாத்துடணும்.

பாஸ் ஆனா போதுமான்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. ஓஏஇ உள்காது வரைக்கும்தான் சொல்லும், நரம்பை பாக்காது. என்ஐசியூல (பச்சக் குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) 5 நாளுக்கு மேல இருந்த குழந்தைன்னா, காது நரம்பையும் பாக்குற பெரா டெஸ்ட்டும் கண்டிப்பா கேட்டு எடுங்க.