மால்டா கற்கோயில்களின் கூடாரக் கூரை பற்றி விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கட்டடக்கலைப் படிப்பின் இறுதி ஆண்டு ஆய்வேட்டுக்காகக் கேட்கிறேன்.

மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவின் ஹஜார் இம், இம்னைத்ரா கோயில்கள் 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. ஹஜார் இம் கட்டப்பட்டது குளோபிஜெரினா என்ற மென்மையான சுண்ணாம்புக் கல்லில். கடல் உப்பு கல்லுக்குள் இறங்கி, ஈரம் காயும்போது படிகமாகி, மேல்பரப்பைப் பொடிப்பொடியாக உதிர்க்கிறது. பெருமழையில் சுவரின் உள்நிரப்பு மண்ணும் கரைந்துபோகிறது. அதனால்தான் 2009-இல் இரண்டுக்கும் மேலே, வளைவுகளில் இழுத்துக் கட்டிய பெரிய கூடாரக் கூரை வந்தது.

நேர் மழையும் வெயிலும் குறைந்தன, சரி. பக்கங்கள் திறந்தே இருப்பதால் உப்புக் காற்று இன்னும் உள்ளே வருமே? கூரைக்கு அடியில் ஈரப்பதம், வெப்பம், கல் உதிர்வு ஆகியவற்றை அளந்த அறிக்கை யாரிடமாவது இருக்கிறதா? எனக்கு முக்கியமான கேள்வி இதுதான்.

அப்புறம், பலத்த காற்று கூரையை மேலே தூக்கும். புதைந்திருக்கும் தொல்லியல் அடுக்குகளைக் குலைக்காமல் இதற்கு எப்படி அடித்தளம் போடுகிறார்கள்? இழுவிசைக் கூரை வேலை செய்தவர்கள் சொன்னால் பேருதவி.

கிரேக்கத்தில் பாசே அப்பல்லோ கோயில் 1987 முதல் கூடாரத்துக்குள் இருக்கிறது. அங்கே துணி மாற்றிய அனுபவம் தெரிந்தாலும் எழுதுங்கள்.

மால்டாவில் வசிப்பவர்கள் யாராவது இருந்தால், கடல் பக்கச் சுவரின் அடிக்கற்களையும், கூரைத் தண்ணீர் விழும் இடத்தையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்ப முடியுமா?