அன்று எங்கள் பாஸ்டர் அங்கி போடாமல் வந்தார்

பென்சில்வேனியாவிலிருந்து:

எங்கள் சபையில் பியானோ வாசிக்கிற அம்மாவின் மகனுக்கு 2016 அக்டோபரில் கல்யாணம். மாப்பிள்ளைகள் இரண்டு பேர். கல்யாணம் கோயிலில் நடக்கவில்லை. ஊருக்கு வெளியே ஓர் ஆப்பிள் தோட்டத்தில், வைக்கோல் கட்டுகளைப் பெஞ்சாகப் போட்டு நடந்தது. எங்கள் பாஸ்டரும் வந்திருந்தார். அங்கி இல்லை, கழுத்தில் ஸ்டோல் இல்லை. சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இரண்டாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சபையில் முழு உறுப்பினராகச் சேர்வதற்கான திடப்படுத்தல் வகுப்பை அந்தப் பையனுக்கு எடுத்தவரே அவர்தான். கல்யாணத்தை நடத்தி வைத்ததோ யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் என்ற வேறொரு சபையின் பெண் போதகர்.

ஆசீர்வாதம் கூறும் நேரம் வந்தது. நான் அவருக்குப் பின்னால்தான் இருந்தேன். அவருடைய வலது கை தானாகவே மேலே எழுந்தது. முப்பது வருஷப் பழக்கம் அல்லவா. தோள் வரைகூட வரவில்லை, சட்டென்று இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டே கடைசி வரை உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் அந்தக் கைதான் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது யுனைடெட் மெதடிஸ்ட் சபை. அதன் சட்டப் புத்தகத்துக்கு ‘புக் ஆஃப் டிசிப்ளின்’ என்று பெயர். தன்பாலுறவு கிறிஸ்தவ போதனைக்கு ஒவ்வாதது என்ற வரி 1972ல் அட்லாண்டாவில் கூடிய பொது மாநாட்டில், அதாவது சபைச் சட்டத்தை இயற்றும் கூட்டத்தில், சேர்க்கப்பட்டது. இரண்டு ஆண்களையோ இரண்டு பெண்களையோ இணைக்கும் ஆராதனைகளை எங்கள் போதகர்கள் நடத்தக் கூடாது, எங்கள் ஆலயங்களிலும் நடத்தக் கூடாது என்ற வரி 1996ல் வந்தது. மீறினால் புகார் கொடுக்கலாம், சபைக்குள்ளேயே வழக்கு நடக்கும், குருப்பட்டமே போகலாம்.

இது வெறும் எழுத்தாக இருந்த சட்டமும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் லெபனான் என்ற ஊர். அங்கே போதகராக இருந்த ஃபிராங்க் ஷேஃபர், 2007ல் மாசசூசெட்ஸில் தன் சொந்த மகனின் கல்யாணத்தை நடத்தி வைத்தார். ஏறக்குறைய ஆறு வருஷம் கழித்து, 2013ல், அவருடைய சபையைச் சேர்ந்த ஒருவர் புகார் கொடுத்தார். அந்த நவம்பரில் சபைக்குச் சொந்தமான ஒரு முகாமில் வழக்கு நடந்தது. 13 போதகர்கள் நடுவர்கள். 30 நாள் ஊழியத்திலிருந்து நிறுத்தினார்கள். அதற்குள் சட்டப் புத்தகம் முழுவதையும் கடைப்பிடிப்பேன் என்று சொல்ல வேண்டும், முடியாதென்றால் பட்டத்தை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். அவர் இரண்டுக்கும் மறுத்தார். டிசம்பர் 19ஆம் தேதி பட்டம் பறிபோனது. இனிமேல் செய்யப்போகிற குற்றத்துக்காக இப்போதே தண்டிக்க முடியாது என்று மேல்முறையீட்டுக் குழு 2014 ஜூனில் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தது. அவருடைய பிள்ளைகள் நான்கு பேரில் மூன்று பேர் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள். ஒரு தகப்பனாக அந்த முப்பது நாள் அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று அப்போது அடிக்கடி யோசிப்பேன். எங்கள் பாஸ்டர் ஸ்வெட்டரோடு உட்கார்ந்ததற்கு அந்த வழக்கும் ஒரு காரணம்.

நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்தவள். 1947ல் சி.எஸ்.ஐ. உருவானபோது தென்னிந்திய மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தவர்கள்தானே. இங்கே 2009ல் முதல் முறை கோயிலுக்குப் போனபோது எதுவும் அந்நியமாகத் தெரியவில்லை. சபை ஒழுக்கமும் எனக்குப் புதிதில்லை. என் சின்னம்மா கோயிலுக்கு வெளியே, வேறு மதத்துக்காரரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அவருக்குத் திருவிருந்து, அதாவது ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்குவது, நிறுத்தப்பட்டது. வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து போகும்போது சின்னம்மா மட்டும் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது சரி என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷமும் உபதேசியார் வாரம் தவறாமல் சின்னம்மா வீட்டுக்கு வந்தார். கருப்பட்டிக் காப்பி குடித்தார், ஜெபித்தார், சித்தப்பாவிடம் பயிர் நிலவரம் பேசினார். திருவிருந்துக்குத் திரும்பச் சேர்த்த அன்று சின்னம்மாவைவிட அவர்தான் அதிகமாக அழுதார்.

பியானோ அம்மா வீட்டுக்கு யாரும் போகவில்லை. கல்யாணத்துக்கு வந்திருந்தார் என்பதற்காக பாஸ்டர்மேல் பேராயருக்குக் கடிதம் எழுதினார்கள். உட்கார்ந்ததில் குற்றம் எதுவும் இல்லை என்று அது அப்படியே முடிந்தது. எழுதியவர்கள் அந்த அம்மாவின் வாசிப்புக்கு முப்பது வருஷம் பாடியவர்கள். மத்தேயு பதினெட்டில் ஆண்டவர் சொன்ன முதல் படி, தனியாகப் போய்ப் பேசு என்பது. அதைத் தாண்டி நேராகக் கடைசிப் படிக்குப் போய்விட்டார்கள்.

பிறகு 2019 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸில் சிறப்பு மாநாடு கூடி, 438க்கு 384 ஓட்டில் தடையை இன்னும் இறுக்கியது. முதல் மீறலுக்கு ஒரு வருஷம் சம்பளமில்லாமல் நிறுத்தம், இரண்டாவதற்குப் பட்டமே போகும் என்றது. கூடவே, மனச்சாட்சி காரணமாகப் பிரிய விரும்பும் சபைகள் கட்டடத்தோடு வெளியேற 2023 கடைசி வரை வழி திறந்தது. கூட்டத்துக்கு வருகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பென்ஷன் பாக்கி, மேல்சபைக்கான பங்குத் தொகை எல்லாம் கட்ட வேண்டும். எங்கள் சபையிலும் ஓட்டெடுப்பு வந்தது. கூட்டத்தைப் பாட்டோடு தொடங்க வேண்டும் என்று பியானோ அம்மாவை வாசிக்கச் சொன்னார்கள். அவர் வாசித்தார். வாசித்துவிட்டு இறங்கி வந்து, மஞ்சள் காகிதச் சீட்டு ஒன்றையும் பென்சிலையும் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் மகனால்தான் இத்தனையும் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். சீட்டை மடிக்கவே அவருக்கு வெகு நேரம் ஆனது.

பிரிவதற்கு இரண்டு ஓட்டுக் குறைந்தது. பிரிய நினைத்தவர்கள் அடுத்த ஞாயிறு முதல் ஒரு பள்ளிக்கூட அரங்கில் கூட ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த மாதிரி உங்கள் சபையில் நடந்திருந்தால் எழுதுங்கள். வசனச் சண்டை வேண்டாம், அதற்கு வேறு இடம் இருக்கிறது. யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்று சொல்லுங்கள், அது போதும்.

டெக்சாஸிலிருந்து:

அக்கா, தோத்திரம். நான் பிரிய வேண்டும் என்று ஓட்டுப் போட்டவன், எங்கள் சபை பிரிந்தும் விட்டது. அதைச் சொல்லிவிட்டே எழுதுகிறேன்.

திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் என்றுதான் வேதம் சொல்கிறது என்று நான் நம்புகிறேன். ஆனால் ஓட்டுப் போட்டது அதனால் மட்டும் இல்லை. சட்டம் ஒன்று இருந்தது, பல இடங்களில் அதை யாரும் நடத்தவில்லை. 2016ல் கேரன் ஒலிவெட்டோ என்பவரைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஒரு பெண்ணை மணந்தவர் என்பது எல்லாருக்கும் தெரிந்தே நடந்தது. அது சபைச் சட்டத்துக்கு விரோதம் என்று சபையின் உச்ச நீதிமன்றமே 2017ல் சொன்னது. அப்படியும் அவர் பதவியில் தொடர்ந்தார். சட்டம் பிடிக்கவில்லை என்றால் மாற்றட்டும், மாற்றாமல் மீறினால் நாங்கள் எதை நம்புவது என்பதுதான் எங்கள் ஆட்களின் கேள்வி. எங்களை வெறுப்புக்காரர்கள் என்று எழுதும்போது மனசு வலிக்கிறது. எங்களைப்போல 7,600க்கும் மேற்பட்ட சபைகள் வெளியேறின. அமெரிக்காவில் இருந்தவற்றில் ஏறக்குறைய கால் பங்கு.

அப்புறம், உங்கள் கேள்வி. என்னோடு பதினோரு வருஷம் ஞாயிறு பள்ளி எடுத்தவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. அவருடைய தம்பி ஓர் ஆணோடு வாழ்கிறவர். ஓட்டெடுப்புக்கு மறுநாள் வகுப்பறைச் சாவியை ஒரு கவரில் போட்டு என் அஞ்சல் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கூடவே பிள்ளைகளின் வருகைப் பதிவேடு, அந்த ஞாயிறு வரைக்கும் எழுதி முடித்தது. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் முதல் வசனம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. நான் போகவில்லை, அக்கா.

சிகாகோ பக்கத்திலிருந்து:

என் மகள் 2022ல் தன் தோழியை மணந்தாள். எங்கள் மெதடிஸ்ட் கோயிலிலேயே நடந்தது. தடை அப்போதும் சட்டத்தில் இருந்தது. ஆனால் பிரிந்துபோவதற்கான உடன்படிக்கை வரைவு 2020 ஜனவரியில் வெளியான பிறகு, பல பேராயர்கள் இத்தகைய புகார்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் போதகர், “யாராவது எழுதினால் எழுதட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டார். யாரும் எழுதவில்லை.

எனக்கு வந்த ஒழுங்கு நடவடிக்கை வேறு இடத்திலிருந்து. மாதம் ஒரு வீட்டில் தமிழ் ஜெபக்கூட்டம் நடத்துவோம். பதினெட்டுக் குடும்பம். டிசம்பரில் அடுத்த வருஷ அட்டவணை வாட்ஸப்பில் வரும். அந்த வருஷ அட்டவணையில் எங்கள் வீடு இல்லை. மறந்திருப்பார்கள் என்று நினைத்து, “ஆகஸ்ட் காலியாக இருக்கிறதே, நான் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று எழுதினேன். இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. ஆகஸ்ட் மாதம் கூட்டமே இல்லாமல் போனது.

நாகர்கோவிலில் என் பெரியண்ணன் கல்யாணத்துக்கு வர மறுத்தார். ஆனால் அன்று காலையில் போன் செய்து, “எனக்கு இது புரியவில்லை, ஆனால் அவள் என் மருமகள், அவளுக்காக ஜெபித்துவிட்டுத்தான் எழுந்தேன்” என்றார். சம்மதம் இல்லாதவர்தான். ஆனாலும் அவர் ஒருவர்தான் பேசினார்.

பாளையங்கோட்டையிலிருந்து:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்தில், கமிட்டி உறுப்பினராகப் பல வருஷம் இருந்தேன். ஒருபால் திருமணம் பற்றி எங்கள் கமிட்டியில் ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. ஆனால் திருவிருந்து நிறுத்தும் தீர்மானங்களில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேறு மதத்தில் கட்டிய பெண்களுக்கு அரை மணி நேரத்தில் தீர்மானம் போட்டோம். வட்டிக்குக் கொடுத்து ஊரை அழித்தவர் முன் பெஞ்சில் இருந்தார், காணிக்கைத் தட்டு எடுத்தார். அவர் பெயரை யாரும் எழுப்பவில்லை, நானும் எழுப்பவில்லை. மகளே, உன் சின்னம்மா வீட்டுக்கு வந்த உபதேசியாரைப் போல எங்களிடம் ஒருவர் இருந்திருக்கலாம் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் தீர்மானத்தைப் பியூனிடம் கொடுத்தனுப்புவோம்.

பென்சில்வேனியாவிலிருந்து, மறுபடியும்:

ஐயா, நீங்கள் எழுதியதை என் அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். சிகாகோ அம்மா, உங்கள் ஆகஸ்ட் மாதத்தை என்னால் மறக்க முடியாது.

கடைசியாக என்ன ஆனது என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். 2024ல் சார்லட்டில் கூடிய பொது மாநாடு அந்தத் தடைகளை எடுத்துவிட்டது. தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்குக் குருப்பட்டம் கூடாது என்ற விதி மே 1ஆம் தேதி 692க்கு 51 ஓட்டில் போனது. 1972 வரியும் நீக்கப்பட்டது. கல்யாணத்தை நடத்துகிற போதகரையும் நடத்த மறுக்கிற போதகரையும் தண்டிக்க முடியாது என்றும் ஆக்கினார்கள். எனக்கு அந்த இரண்டாவது பாதி நிம்மதியாக இருந்தது. மனச்சாட்சி இரண்டு பக்கமும் இருக்கிறது.

எங்கள் புதிய பாஸ்டர் பியானோ அம்மாவிடம், “உங்கள் மகனையும் துணைவரையும் கோயிலில் அழைத்து ஆசீர்வதிக்கலாமா?” என்று கேட்டார். மகனுக்கு விருப்பமில்லை. எங்களுக்குத் தோட்டத்திலேயே ஆசீர்வாதம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டானாம். அந்த அம்மாவுக்கு அதில் வருத்தம்தான். எட்டு வருஷம் காத்திருந்தவர் அவர், மகன் இல்லையே.

தம்பி, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேராயருக்குக் கடிதம் எழுதியவர்களில் ஒருவருடைய மனைவி போன மாதம் பியானோ அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். சீமைச் சுரைக்காய் போட்டுச் சுட்ட ரொட்டி ஒன்று கொண்டுபோனாராம். இரண்டு மணி நேரம் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று அந்த அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டெக்சாஸிலிருந்து:

அக்கா, ஒரே ஒரு கேள்வி. அவர் முன்னமே போன் செய்துவிட்டுப் போனாரா, இல்லை நேராகவே போய்விட்டாரா?

பென்சில்வேனியாவிலிருந்து:

நேராகத்தான் போனாராம், தம்பி. கதவைத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் படியிலேயே நின்றாராம்.