ஐந்து பேர் காரில் எட்டு பேர், கூரையில் அண்டா: கொல்லிமலை ஏறலாமா?

புதுக்கார்: அடுத்த வாரம் கொல்லிமலையில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறோம். எங்களுடையது ஐந்து பேர் உட்காரும் சின்ன கார். போக வேண்டியவர்கள் பெரியவர்கள் ஆறு, குழந்தைகள் இரண்டு. அதோடு 25 கிலோ அரிசி மூட்டை, பித்தளை அண்டா, விறகு. கேரியர் போட்டுக் கூரையில் கட்டிவிடலாம் என்கிறார் மாமா. வண்டியின் வெற்று எடை 880 கிலோ, மொத்த எடை வரம்பு 1335 கிலோ. காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுமா?

அம்பாசிடர் பிரியன்: தாராளமாக ஏறும் தம்பி. அம்பாசிடரில் ஒன்பது பேர் உட்கார்ந்து, டிக்கியில் சாமான் திணித்து ஏற்காடு போனவர்கள் நாங்கள். முதல் கியரில் பொறுமையாகப் போனால் எந்த வண்டியும் ஏறும்.

பட்டறைக்காரன்: ஏறுவதில் சந்தேகமே இல்லை ஐயா, இறங்குவதுதான் பிரச்சினை. 1335இல் 880 போனால் 455. ஆளுக்கு 65 கிலோ என்றால் ஆறு பேர் 390, குழந்தைகள் ஒரு 50. அரிசி மூட்டையைத் தூக்கும் முன்பே 440 ஆகிவிட்டது. அம்பாசிடருக்குப் பின்னால் பாரம் தாங்கும் இரும்புப் பட்டை அடுக்கு, அதாவது லீஃப் ஸ்பிரிங், இந்த வண்டிக்குச் சுருள் ஸ்பிரிங். இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை: சும்மா பயமுறுத்துகிறார். டயர் ஓரத்தில் பாரக் குறியீடு 82 என்று இருந்தால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். நான்கும் சேர்ந்து 1900. எங்கே 1335, எங்கே 1900? எடை கூடினால் பிரேக் தூரம் எகிறும் என்று பலர் சொல்வதும் சரியில்லை. எடை கூடும்போது சாலையில் டயரின் பிடிப்பும் கூடுகிறது. பள்ளிக்கூட இயற்பியல்தான்.

பட்டறைக்காரன்: பள்ளிக்கூடக் கணக்கில் பிரேக் சூடாகாது. ஒரே ஒரு சடன் பிரேக்குக்கு நீங்கள் சொல்வது ஓரளவு பொருந்தும். மலையிறங்கும்போது அத்தனை எடையையும் வளைவுக்கு வளைவு பிடித்து நிறுத்த வேண்டும், அது முழுக்க வெப்பமாகத்தான் போகும். பிரேக்கையே நம்பி வந்தால் முதலில் பேட் கருகும் வாடை வரும், அப்புறம் பிரேக் ஆயில் கொதித்து பெடல் உள்ளே போய்விடும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்குத்தான். டயர் விஷயத்துக்கு வருகிறேன். 475 என்பது அதற்குரிய முழுக் காற்று இருந்தால் மட்டும். கூடுதல் பாரம் நான்கு டயருக்கும் சமமாகப் பிரியாது, பெரும்பங்கு பின் டயர்களில் இறங்கும். முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டீயரிங் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும்.

அம்பாசிடர் பிரியன்: அப்படிப் பார்த்தால் எங்களைப் போன்றவர்கள் கோயிலுக்கே போகக் கூடாது. எல்லார் வீட்டிலும் இன்னோவா நிற்கிறதா?

நாமக்கல் அம்மா: இன்னோவா வேண்டாம் அண்ணா, காரில் எத்தனை பெல்ட் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐந்துதான். மடியில் உட்காரும் பிள்ளைக்கு எது? 2022இல் பால்கர் அருகே விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி போன வண்டி பென்ஸ், பின்சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். கட்டாமல் வைத்த அரிசி மூட்டையும் அதே வேகத்தில்தான் முன்னால் பாயும். 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு பெல்ட் இல்லையென்றால் 1000 ரூபாய் அபராதம். அந்தக் காசு போனால் போகட்டும்.

கணக்குப்பிள்ளை: பெல்ட் பற்றிச் சொன்னது நியாயம், அதில் எனக்கு மறுப்பில்லை. அண்டாவைக் கூரையில் கட்டினால் என்ன? மிஞ்சினால் 40 கிலோ.

பட்டறைக்காரன்: கையேட்டைப் பாருங்கள். பல சின்ன கார்களுக்குக் கூரை வரம்பே 50 கிலோதான், கேரியரின் எடையும் அதில் சேர்த்தி. எடை மேலே போகப் போக வளைவில் வண்டி அதிகம் சாயும். அண்டாவும் அரிசியும் டிக்கியில், தரையோடு, பின்சீட்டின் முதுகை ஒட்டி இருக்கட்டும். பாய், தலையணை மாதிரி லேசானவை வேண்டுமானால் மேலே.

புதுக்கார்: சரி. அப்பா, மாமா, அத்தை மூவரும் நாமக்கல்லில் இருந்து செம்மேட்டுக்குப் பேருந்தில் வரட்டும். அரிசியும் விறகும் மேலேயே வாங்கிக்கொள்கிறோம். மாமாவுக்குத்தான் கோபம், இன்னும் பேசவில்லை. டயருக்குக் காற்று எவ்வளவு வைக்க?

அம்பாசிடர் பிரியன்: வெயில் காலம் தம்பி, இரண்டு பாயின்ட் குறைத்தே வை.

பட்டறைக்காரன்: தயவுசெய்து குறைக்காதீர்கள். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், வெயிலில் டயர் வெடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பெரும்பாலும் டிரைவர் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முழுப் பாரத்துக்குத் தனி அளவு போட்டிருந்தால் அதை வையுங்கள். காலையில் வண்டி ஓடும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள்.

அம்பாசிடர் பிரியன்: செம்மேட்டுப் பேருந்தில் எத்தனை பேர் நின்றுகொண்டு வருவார்கள் என்றும் பட்டறைக்காரர் ஒரு கணக்குப் போடட்டும். பார்க்கலாம்.